போரும்னார் அப்பா

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. போரும். மலையாளச் சீமையில் தமிழ் பேசும் எங்கள் வலியசாலைத் தெருவில் ‘போதும்’ என்பதை அப்படித்தான் சொல்வோம். இலையில் சாதம் விழும்போது குறுக்கே கையை நீட்டிப் போரும். சண்டை முற்றினால் போரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் மீதிக் காலத்தை ஓட்டினார். பசித்தாலும் போரும், பசி தீர்ந்தாலும் போரும், கொசு கடித்தால் போரும், என்னைப் பார்த்தால் போரும். இப்படி அடிபட்டால் எந்த வார்த்தை தப்பிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, சிலருக்குக் கெட்ட வார்த்தைகூடத் தங்கிவிடும் என்றார் டாக்டர். அந்த மட்டும் பகவான் காப்பாற்றினான் என்றாள் அம்மா.

அத்தைகளும் சித்தப்பாக்களும் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சன் என்று ஓர் அத்தை என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நெஞ்சு கல்லாகவும் இல்லை, வேறு எதுவாகவும் இல்லை. பந்தியில் சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், கிள்ளினால் யாரோ யாரையோ கிள்ளுவது போலிருக்கும். எனக்கு உடம்பு பூராவும் அப்படி இருந்தது. காலையில் அப்பாவைத் துடைத்து வேட்டி மாற்றிவிட்டு ஆபீஸ் போவேன். ஃபைல் பார்ப்பேன். சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பேன். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டால் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வராது. தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதையும் விட்டிருந்தார்கள்.

வீட்டை ஒட்டிய சந்தில் அப்பாவின் வண்டி நின்றது. சாம்பல் நிறத்தில் நாலு கதவுப் பழைய கார், கியர் கம்பு ஸ்டியரிங்குக்குப் பக்கவாட்டில் முளைத்திருக்கும் ரகம். யாரோ ஓட்டித் தீர்த்ததைத்தான் அப்பா வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதற்கு நடந்த உபசாரம் எனக்கோ அம்மாவுக்கோ ஒருநாளும் நடந்ததில்லை. காலில் மண்ணோடு ஏறினால் இறக்கிவிடுவார். மழை பெய்தால் சேறு படும் என்று எடுக்க மாட்டார். வெயில் அடித்தால் பெயிண்ட் வெளுக்கும் என்று எடுக்க மாட்டார். மீதி நாட்களில் எடுத்தாலும் சைக்கிள்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போவான். எனக்கு ஓட்டக் கற்றுத் தரவே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன்.

சந்திலிருந்து தெருவுக்கு வர வண்டியைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். தெருவின் எதிர்ப்புறத்தில் இடுப்புயரக் கருங்கல் ஒன்று நட்டிருந்தது. யார் நட்டது, எதற்கு நட்டது என்று யாருக்கும் தெரியாது, பிடுங்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்பா வண்டி எடுக்கும் நாட்களில் அம்மா ஈரக் கையோடு வந்து அந்தக் கல் பக்கத்தில் நிற்பாள். “வரலாம், வரலாம், வரலாம்” என்பாள். பிறகு “போரும்” என்பாள். அப்பா பிரேக்கை மிதிப்பார். கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பூசணிக்காய் வைக்கலாம், அவ்வளவுதான் இடம் இருக்கும். அப்பா தன் வாழ்நாளில் அம்மா சொல்லைக் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

கோயில் உற்சவம் வந்தது. பந்தல்காரர்கள் மூங்கில் அடுக்க எங்கள் சந்தைக் கேட்டார்கள். வருஷா வருஷம் கேட்பதுதான், அப்பா வண்டியை வேறெங்காவது கொண்டுபோய் நிறுத்துவார். இப்போது எடுக்க ஆளில்லை. ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசையில் கோட்டயத்துக்காரன் ஒருவன் இருந்தான். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன், கரமனையில் ஒரு லாட்ஜில் தனியாக இருந்தான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் சேற்றில் பாயும் ஜீப் படங்களாக வைத்திருப்பான். அவனைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், பேட்டரிக்கு உயிர் கொடுத்தான், ஏறி உட்கார்ந்தான். அம்மா வழக்கம்போல் கல் பக்கத்தில் போய் நின்றாள்.

“வரலாம், வரலாம்” என்றாள். வண்டி வந்தது. “போரும்” என்றாள். வண்டி இன்னும் வந்தது. “போரும், போரும்” என்று குரலை உயர்த்தினாள். வண்டி உற்சாகமாக வேகம் பிடித்தது. அம்மா விலகிக்கொண்டாள், கல் விலகவில்லை. பின்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“போரும் போரும்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காது இல்லையோ உனக்கு?” என்றாள் அம்மா.

அவன் இறங்கி வந்தான், முகம் வெளுத்திருந்தது. “அம்மையல்லே போரூ, போரூன்னு விளிச்சது? ஞான் வந்நு.”

அவன் ஊரில் ‘போரூ’ என்றால் ‘வா’. வண்டிக்குப் பின்னால் நிற்பவர் ‘போரட்டே, போரட்டே’ என்றால் ‘வரட்டும், வரட்டும்’. அம்மா நிறுத்து என்று கத்தக் கத்த, அவன் காதில் வா வா என்று விழுந்திருக்கிறது. இரண்டு பாஷையும் தெரிந்த நான் சந்து முனையில் மரம் மாதிரி நின்றிருந்தேன். சிரிப்பு வர வேண்டிய இடம். கோபமாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. சந்தைப் பார்த்த ஜன்னலுக்குள் கட்டிலில் கிடந்த அப்பா, சத்தம் கேட்டு, “போரும்” என்றார்.

உற்சவம் முடியும்வரை வண்டி லாட்ஜ் வாசலில் கிடந்தது. பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரன் வந்து நசுங்கிய பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, எடைக்குத்தான் போகும் என்றான். அம்மாவிடம் வந்து சொன்னேன்.

“அவர் மூச்சு இருக்கறச்சே அவர் வண்டி தராசுல ஏறப்படாது” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் கோட்டயத்துக்காரன் தன் ஆசையைச் சொன்னான். நெடுமங்காட்டுக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் மழைக்காலம் முடியும்போது சேற்றில் வண்டி ஓட்டும் போட்டி நடக்கும். வருகிறவர்கள் எல்லாம் ஜீப்காரர்கள். ஜீப் வாங்க அவனுக்கு வக்கில்லை. ஆனால் இந்த மாதிரிப் பழைய காரில் பின் சக்கரம்தான் தள்ளும், உயர்த்திக் கட்டினால் சேற்றில் ஏறும், நசுங்கியதை எப்படியும் வெட்டத்தானே வேண்டும் என்றான். கெடுத்தவனே திருத்தித் தருகிறேன் என்றும் சொன்னான். எனக்கு வாகனத்தின் மேல் எந்த மோகமும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் தோன்றவில்லை.

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “கல்லுல மோதினவன் இனிமே மலையில மோதப் போறியாக்கும்” என்றாள். பிறகு, “ஓடட்டும். துருப்பிடிச்சு நிக்கறதுக்கு ஓடறது மேல்” என்றாள். “ஆனா அவர் கண்ணுல படப்படாது.”

அதுதான் நடக்கவில்லை. லாட்ஜ்காரர் இடம் தர மாட்டேன் என்றுவிட்டார். வேறு போக்கிடம் இல்லாமல் வண்டி எங்கள் சந்துக்கே வந்தது, அப்பாவின் ஜன்னலுக்கு நேர் கீழே.

முதலில் பம்பர்கள் கழன்றன. பிறகு பின் சீட். பெரிய டயர் சுற்றுவதற்கு இடம் வேண்டும் என்று சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை அவன் ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான். நான் தகடு அதிராமல் பிடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் பல்லில் போய்க் கூசும். ஜன்னலிலிருந்து “போரும்” என்று கேட்டது.

நான் கையை எடுத்தேன். அவன் நிறுத்தவில்லை. “சார் விளிக்குன்னு” என்றான், சார் கூப்பிடுகிறாராம், யாரோ உற்சாகப்படுத்துகிற மாதிரி. அறுத்துக்கொண்டே இருந்தான். அம்மா உள்ளேயிருந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் போரும், போரும், போரும் என்று நிற்காமல் வந்தது. திறந்தாள். நின்றது. ரம்பம் மறுபடி ஓடியது. “போரும்” என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அப்பா, வண்டியை வெட்டறது பிடிக்கலையா?”

“போரும்.”

“அப்போ வெட்டலாமா?”

“போரும்.”

“என்னை அடையாளம் தெரியறதா?”

“போரும்” என்றார், எரிச்சலோடு. அந்த எரிச்சல் மட்டும் பழைய எரிச்சல், அதில் சந்தேகம் இல்லை.

எதுவும் உறைக்காமல் திரிந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. அவருக்குச் சம்மதமா, இல்லையா? ஒரு துளி சேறு படாமல் பார்த்துக்கொண்ட வண்டி. அவர் சொல்வது ‘நிறுத்து’ என்றால், எழுந்து வந்து தடுக்க முடியாத மனுஷரைக் கிடத்தி வைத்து அவர் கண் முன்னாலேயே அவர் பொருளைக் கூறு போடுகிறேன் என்று அர்த்தம். அதைவிடக் கேவலம் வேறு உண்டா? தெரிந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். தெரியத்தான் வழியில்லை.

வேலை தன் பாட்டுக்கு நடந்தது. பின் சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் பட்டைகள் கூட்டிக் கட்டி வண்டியின் உடம்பைத் தூக்கினான். பழைய ஜீப் டயர் நாலு எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தான். வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்களை வளைத்து உள்ளே ஒரு கூண்டு. வீட்டு கேட் அடிக்கிற வெல்டர்தான் அதைச் செய்தார், பழக்க தோஷத்தில் இரண்டு இடத்தில் பூ வளைவு வைத்துவிட்டார். கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தபோது அவருடைய பழைய நாடாக் கட்டிலைப் பரண்மேல் போட்டிருந்தோம். அதன் நைலான் நாடாவை அம்மா தானே பிரித்துக் கொடுத்தாள். அதை மடித்துத் தைத்து சீட்டில் ஆளைக் கட்டுகிற பெல்ட் ஆக்கினோம்.

சேற்றுக் குழியில் தண்ணீர் போனெட் வரை வரும், என்ஜினுக்கு மூச்சு மேலேயிருந்து வர வேண்டும் என்றான். அதற்குப் பிளாஸ்டிக் குழாய் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம்.

“எத்தன இஞ்சு வே? மோட்டருக்கா, கக்கூசுக்கா?” என்றார்.

“காருக்கு” என்றேன்.

அவர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். “கார்லயே கக்கூஸ் கெட்டுதியளா? நல்லதுதான், நீண்ட பயணத்துக்கு ஆகும்” என்று சொல்லி வளைவுக் குழாய் ஒன்றையும் சேர்த்து எடுத்துப் போட்டார். கோட்டயத்துக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு சாலைக் கூட்டத்தில் நடந்தேன். இரண்டு பேர் தலையில் இடித்திருப்பேன், திட்டினார்கள்.

குழாய் என்ஜினிலிருந்து கிளம்பி முன் தூணோடு சேர்ந்து கூரைக்கு மேல் நின்றது. புகை போகிற குழாயையும் அதே மாதிரி பின்னால் தூக்கிக் கட்டினான். கார் சுருட்டுப் பிடிக்கிறது என்று தெரு சொன்னது. எங்கள் தெருவுக்கு வெறும் வாயே போதும், இப்போது அவலும் கிடைத்துவிட்டது. அப்பன் படுத்துக் கிடக்கிறான், பிள்ளை விளையாட்டுச் சாமான் செய்கிறான் என்றார்கள். அம்மா வாசலில் நின்று ஒருத்தியிடம், “ஆமாம், செய்யறான். உனக்கு ஒண்ணு வேணுமோ?” என்று கேட்டாள். பிறகு யாரும் அவள் காதுபடப் பேசவில்லை.

வண்டி முடிந்த அன்று காலையில் கோட்டயத்துக்காரன் என்ஜினைக் கிளப்பினான். சைலன்சர் பாதி இல்லாததால் ஓட்டு வீடுகள் எல்லாம் அதிர்ந்தன. இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, விளையாட்டாகக் கேட்டான்.

“சாரே, போருன்னோ?”

கூட வருகிறீர்களா என்று அர்த்தம். அப்பா அவனைப் பார்த்தார்.

“போரும்” என்றார்.

“கேட்டோ!” என்று அவன் என் பக்கம் திரும்பினான். “வராம்னு பறஞ்சு.”

அவன் மலையாளத்தில் ‘போரும்’ என்றால் ‘கூட வருவேன்’. அத்தனை நாளும் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரம்பம் ஓடும்போது, வெல்டிங் பொறி பறக்கும்போது, ஜன்னலிலிருந்து ஒருத்தர் நானும் வருவேன், நானும் வருவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பதாக நினைத்திருக்கிறான். அதனால்தான் நிறுத்தவில்லை.

“வராமும் இல்லை, தராமும் இல்லை” என்றாள் அம்மா. “உன் ஆட்டம் போரும்னார். நாப்பது வருஷம் அவரோட குடித்தனம் பண்ணினவ நான். எனக்குத் தெரியாதோ?”

“அம்மே, சார் ஆபீசில் முழுவன் மலையாளமல்லே பறஞ்சது?”

“ஆத்துல தமிழ்தானே பேசினார்?”

“இது ஆத்துக்கு வெளிய அல்லே?” என்று அவன் ஜன்னலைக் காட்டினான்.

இரண்டு பேரும் மாறி மாறி ஜன்னலுக்குள் அவரைக் கேட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் போரும் போரும் என்றார். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, மாதக்கணக்கில் வராத கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வாயை மூடுங்கோ ரெண்டு பேரும்” என்று கத்தினேன். “அவர் என்ன கழுதையா, நடுவில நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் இழுக்க?”

உள்ளே போய் அப்பாவைத் தூக்கினேன். தூக்கித் தூக்கிப் பழகிய உடம்புதான், அன்று இன்னும் இலேசாக இருந்தது. இடது முன் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்து, அவருடைய கட்டில் நாடாவாலேயே அவரைக் கட்டினேன். அம்மா தடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டும் ஃபிளாஸ்கும் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். “மெள்ளப் போகச் சொல்லு அந்தக் கடங்காரனை” என்றாள். பிறகு பழக்கம் விடாமல் கல் பக்கத்தில் போய் நின்றாள். “வரலாம், வரலாம்” என்றாள். நிறுத்த வேண்டிய இடம் வந்தபோது வாயைத் திறக்கவில்லை, கையைக் காட்டினாள்.

போட்டிக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான் போனோம். குவாரிக்கு இறங்கும் பாதையில் செம்மண் குழைந்து கிடந்தது. அவன் நிதானமாகத்தான் ஓட்டினான், ஆனாலும் வண்டி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போனது. பின்னால் சீட் இல்லை. நான் வெறும் தகட்டில் குந்தி, பூ வளைவு வைத்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அப்பாவின் பின்னந்தலையும் நல்ல கையும்தான். அந்தக் கை முன்னால் இருந்த குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. பயத்தில் பிடித்ததா, ஆசையில் பிடித்ததா, கையைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

முதல் குழியில் இறங்கியபோது, “போரும்” என்றார்.

“போராம் சாரே, போராம்” என்று, வரலாமே என்கிற அர்த்தத்தில், அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகச் சேறு அள்ளி அடித்தது. வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறி நின்றது. நான் எக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை செம்மண். வாய் ஒரு பக்கம் எப்போதும் இழுத்தே இருக்கும், சிரித்தாலும் அழுதாலும் அவருக்கு அப்போது ஒரே முகம்தான். துண்டால் துடைக்கப் போனேன். முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். “போரும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். காலில் மண்ணோடு யாரையும் ஏற்றாத மனுஷர். “என்ன சொன்னார்?” என்று கேட்டாள்.

“போரும்னார்.”

“நான் சொல்லலை?” என்றாள் அம்மா.

“ஞான் பறஞ்சில்லே?” என்றான் அவன்.

போட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டில் என்னைக் கட்டிப் போட்டு அவன் ஓட்டினான். இரண்டாவது குழியில் குழாயின் மூட்டு விட்டுப்போய் என்ஜின் தண்ணீர் குடித்தது. டிராக்டர் வந்து எங்களை இழுத்தது. கார் சுருட்டை அணைத்துவிட்டது என்று ஜீப்காரர்கள் கை தட்டினார்கள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் குடித்த என்ஜினைப் பிரித்துக் காயவைத்து மறுபடி கோத்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடவிடாவிட்டால் இறுகிப்போகும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் எங்கள் சந்துக்கு வருவான். முதலில் ஜன்னலடியில் போய் நிற்பான். “சாரே, போருன்னோ?” அப்பா போரும் என்பார். அவன் போய் வண்டியைக் கிளப்புவான். முடிந்தபோதெல்லாம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். மழையிலும் போனோம், வெயிலிலும் போனோம். அம்மா ஒவ்வொரு தடவையும், “வேண்டாம்னு அவர் சொல்றது இந்தத் தடியன்கள் மண்டையில ஏற மாட்டேங்கறதே” என்பாள். ஒவ்வொரு தடவையும் ஃபிளாஸ்க்கையும் கொடுத்தனுப்புவாள்.

அதற்கப்புறம் அவரால் உட்கார முடியாமல் போயிற்று. சுற்றுவது நின்றது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. அவன் வருவான், கேட்பான், இவர் சொல்வார், அவன் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போவான். கதவை எதற்குத் திறக்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதற்குள் அம்மா கஞ்சி ஊட்ட ஆரம்பித்திருந்தாள். நான் அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். இரண்டு வாய் இறங்கியது, மூன்றாவது கடைவாயில் வழிந்தது. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலடியில் அவன் தலை தெரிந்தது.

“சாரே, போருன்னோ?” என்றான்.

அம்மா அடுத்த கரண்டியை வாய்ப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அப்பா ஜன்னலைப் பார்த்தாரா, கரண்டியைப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. “போரும்” என்றார். குரல் மெதுவாக இருந்தது.

அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். வெளியே அவன் போய் வண்டியைக் கிளப்பினான்.

அம்மா புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு கையை எடுத்தாள். என் கையில் இருந்த தலை கனத்தது. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாகப் புகை வந்தது. கூரைக்கு மேல் தூக்கிக் கட்டிய குழாய், புகை நேராக உள்ளேதான் வரும். “போய் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு” என்றாள் அம்மா. அவனை அவள் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தலையைத் தலையணையில் இறக்கிவிட்டு வெளியே வந்தேன். அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இடது பக்கக் கதவு திறந்திருந்தது, சீட்டில் நாடா தளர்த்தி வைத்திருந்தது. என்ஜின் சத்தத்துக்கு மேல் உரக்கக் கேட்டான்.

“எந்தா, சார் போருன்னோ?”

“போரும்டா” என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான்.